தங்கச்சியின் படகில் திருகோணமலைக் கடலில் மூன்று நாள்

கடந்த ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போனேன். பாய்மரப் படகில் மூன்று நாள் சுற்றிப் பவளப்பாறைகளைப் பார்க்கும் பயணம். எங்களுக்கு வீடு மலைநாட்டில், டயகம தேயிலைத் தோட்டத்தில், எனக்குத் தலவாக்கலையில் ஆசிரியர் வேலை. கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தப் படகில் வருகிறவர்களைத் தண்ணீரில் இறக்கி, பார்த்துக்கொண்டு, திரும்ப ஏற்றிவிடும் பொறுப்பு என் தங்கச்சி ஸ்டெல்லாவுடையது.

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யப் போனவள், ஓய்வு நேரத்தில் நீச்சல் பழகி, உயிர்காப்புப் பயிற்சியும் முடித்து இந்த வேலைக்கு வந்தாள். அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஹட்டனில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் கேட்டிருந்தார்கள், வேலையை விட்டால்தான் பேச்சு என்றும் சொல்லியிருந்தார்கள். அம்மா தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பியது கடல் பார்க்க அல்ல, மகளைத் திருப்பிக் கூட்டிவர. அப்பா மாட்டை விட்டு வர முடியாது என்று வீட்டிலேயே நின்றுவிட்டார்.

தலவாக்கலையிலிருந்து ஹட்டன், கண்டி வழியாகப் பஸ்ஸில் போனோம். கண்டியில் மாறி ஏறினால் திருகோணமலை ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீற்றர். ஹபரணை தாண்டியதும் வெயில் முகத்தில் அடிக்கும். அம்மா ஸ்வெட்டரைக் கழற்றியது அங்கேதான்.

முதல் நாள் துறைமுகத்துக்குள்ளேயே சுற்றினோம். அங்கே தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், புதியவர்களுக்கு நல்லது. கொழும்பிலிருந்து ஒரு கணவன் மனைவியும் இரண்டு பல்கலைக்கழக மாணவிகளும் எங்களோடு வந்தார்கள். படகோட்டி நஸீர் திருகோணமலைக்காரர், அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா வெறுங்காலோடு பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்க, அம்மா கம்பியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சை அன்றைக்கு எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் வடக்கே புறாத்தீவு. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவுடனேயே மீன்கள்தான். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் காதில் கேட்கிறது. என் முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு சுறா அலட்சியமாகப் போனது. நான் கத்தினேன் என்று ஸ்டெல்லா சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

அந்தப் பக்கத்தில் இந்த மாதங்களில் மத்தியானம் கச்சான் காற்று எழும்பும். கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று அது. விசில் ஊதினால் எல்லாரும் திரும்பிவிட வேண்டும் என்று ஸ்டெல்லா முதலிலேயே சொல்லியிருந்தாள். விசில் ஊதியபோது, தண்ணீரில் இறங்கியிருந்த ஐந்து பேரில் நான்கு பேர் ஏறிவிட்டோம். கொழும்புக்காரர் மட்டும் ஓர் ஆமையின் பின்னால் போய்க்கொண்டிருந்தார். நன்றாக நீந்துபவர்தான். தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு எட்டாத தூரத்தில் இருந்தது. படகை நோக்கிக் கை வீசினார், காற்று அவரை இன்னும் வெளியே தள்ளியது.

ஸ்டெல்லா சிவப்பு மிதவையோடு குதித்தாள். அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. ஸ்டெல்லா அவரை எட்டி, மிதவையில் சாய்த்து, எங்களை நோக்கி வராமல் பக்கவாட்டில் நீந்தத் தொடங்கினாள். “ஏன் அங்கிட்டுப் போறா?” என்று அம்மா கேட்டார். தீவின் மறைவில் காற்று குறைவு என்று நஸீர் காக்கா ரப்பர் படகை இறக்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே அந்த மறைவில்தான் இரண்டு பேரும் மிதந்துகொண்டு காத்திருந்தார்கள்.

திரும்பி ஏறியதும் ஸ்டெல்லா அவருக்குத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தாள். அவருடைய மனைவியிடம் கொஞ்ச நேரம் பேசினாள். பிறகுதான் எங்களிடம் வந்தாள்.

“பயந்துட்டியாம்மா?”

“நீ பயப்படலயா?”

“பயந்தேம்மா. அதான் நேரா வராம சுத்தி வந்தேன்.”

அம்மா தன் துவாலையை எடுத்து அவள் தலையைத் துவட்டினார். என் தங்கச்சி என்று உரக்கச் சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது. அங்கே எல்லாருக்கும் அது தெரிந்தே இருந்தது.

மூன்றாம் நாள் காலை கடல் அசையாமல் இருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியே பழக்கமில்லாத அம்மா, சுடிதாருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தானாகவே ஏணியில் இறங்கினார். ஸ்டெல்லா ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். முகமூடியோடு தண்ணீருக்குள் வைத்த முகத்தை அம்மா வெகுநேரம் தூக்கவே இல்லை. மேலே வந்ததும், “மீனுங்க நம்மள கண்டுக்கவே மாட்டேங்குதுங்க” என்றார், கொஞ்சம் குறையாக.

இறங்குதுறையில் விடைபெறும்போது அம்மாவே ஹட்டன் பேச்சை எடுத்தார்.

“மாப்பிள்ள வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். வேலய விட்டாத்தான் கல்யாணம்னா அந்த எடம் நமக்கு வேணாம். நீ மட்டும் சாப்பிடாம கடல்ல எறங்காத.”

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மே முதல் செப்டம்பர் வரை கடல் நல்லது, அதிலும் காலை நேரம். புறாத்தீவுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், படகுக்காரர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால் எழுதவில்லை. பவளத்தின் மேல் காலூன்றாதீர்கள். வெயிலில் முதுகு வெந்துவிடும், நீளக்கைச் சட்டையோடு இறங்குங்கள். நீந்தத் தெரியாவிட்டாலும் போகலாம். விசில் சத்தம் கேட்டால் ஆமையை விட்டுவிடுங்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் காலைப் பெரட்டில், கொழுந்துக்குப் போகும் பெண்களெல்லாம் கூடி நிற்கும் இடத்தில், மகளைக் கூட்டிவரவில்லையா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். “அவள நம்பித்தான் அங்க மனுசங்க கடல்ல எறங்குறாங்க. விட்டுட்டு எப்படி வர்றது?” என்று அம்மா கேட்டாராம். அந்த வாரமே பக்கத்து லயத்து வீட்டு அண்ணன் ஒருவர், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தன் மகளோடு எங்கள் வாசலுக்கு வந்து, நீச்சல் எங்கே படித்துக்கொடுக்கிறார்கள் என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுவிட்டார்.