நூறு யார் தூரத்தில் ஐந்து துளைகள்

2009 கோடையில் நான் லண்டனின் கிழக்கே, பார்கிங் என்ற ஊரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தேன். அதற்கு முன் ஜெர்மனியில் பதினொரு வருடம் இதே வேலைதான். பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு மாறி, மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். வன்னியில் போர் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அங்கே இருந்த என் அண்ணையோடு கடைசியாகப் பேசியது மார்ச்சில். அதன் பிறகு அவரைப் பற்றியோ அண்ணியைப் பற்றியோ இரண்டு பிள்ளைகளைப் பற்றியோ ஒரு செய்தியும் இல்லை. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல்கள் ஈமெயிலில் கைமாறிக்கொண்டிருந்தன. மனைவி ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை வாசித்தாள். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

நான் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன் என்றும் சொல்ல முடியாது. அடக்குவதற்கு உள்ளே எதுவும் இருக்கவில்லை.

பட்டறையில் செய்து முடித்த பாகங்களைச் சரிபார்ப்பவர் ஒரு வெள்ளைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். என் மேசைக்கு அடுத்த மேசை அவருடையது. மே மாதத்தில் ஒருநாள், உன் ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர் ஒரு துப்பாக்கிக் கிளப்பில் உறுப்பினர். ஜூன் தொடக்கத்தில் ஒரு பழைய இராணுவ ரைபிள் வாங்கியிருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்து, தேவைக்கு மிஞ்சியது என்று பிறகு விற்றுத் தள்ளியவற்றில் ஒன்று. அது குறி தவறுகிறது என்பதுதான் அவருடைய கவலை. நூறு யார் தூரத்தில், மேசையில் ஊன்றி வைத்துச் சுட்டாலும், ஐந்து சன்னமும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிப் போயின. விற்றவர் ஒரு மாதத்துக்குள் திருப்பி எடுப்பதாகச் சொல்லியிருந்தாராம். அதற்குள் துப்பாக்கியில் பிழை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். சனிக்கிழமை கிளப்பில் விருந்தினரை அழைக்கும் நாள் வருகிறது, வந்து அளந்து தருவாயா என்று கேட்டார். தானே அளந்தால் அதில் தன் ஆசை கலந்துவிடும் என்றார்.

நான் உடனே சம்மதித்தேன். சனிக்கிழமைகளில் வீட்டில் எல்லோரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்த இடம் எம்25 நெடுஞ்சாலையைத் தாண்டி, ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழிக்குள் இருந்தது. வாசலில் ஒரு படிவம் தந்தார்கள். மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றதுண்டா என்று அதில் ஒரு கேள்வி. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தில் என்னைப் பிடித்து ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அதைக் கூட வந்த நண்பருக்குச் சொன்னேன்.

"நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதா?" என்று கேட்டார்.

"நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவே இல்லை."

"அப்படியென்றால் இது அதைக் கேட்கவில்லை" என்றார், படிவத்தைப் பார்த்தபடி. நான் 'இல்லை' என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன்.

அன்று அங்கே பொறுப்பாக இருந்தது ஒரு பெண். அறுபது வயதிருக்கும். நீண்ட காலம் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று நண்பர் வழியில் சொல்லியிருந்தார். சிவப்புக் கொடி, காதுமூடி, எப்போது துப்பாக்கியிலிருந்து கையை எடுக்க வேண்டும், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அம்மாவின் சொல்லுக்குத்தான் நடந்தது.

நண்பர் உறையைப் பிரித்து ரைபிளை வெளியே எடுத்தார். எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. எங்கள் ஊரில் அதைத் திரீ நொட் திரீ என்பார்கள். என்னை அடைத்து வைத்திருந்த பொலிஸ் நிலையத்தில், அறைக் கதவுக்கு வெளியே எங்களை நோக்கி நின்றவன் வைத்திருந்தது அதுதான். ஐந்து மாதமும் அதன் முன்பக்கத்தைத்தான் பார்த்திருந்தேன். இப்போது பின்பக்கம் என் பக்கம் இருந்தது. மனதுக்குள் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிடியில் இருந்த மரத்தின் எண்ணெய்ப் பூச்சு நன்றாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

முதல் ஐந்தை அவர் சுட்டார். எல்லோரும் நிறுத்தியதும் நடந்து போய், வேர்ணியர் அளவுகோலை வைத்து மிக விலகிய இரண்டு துளைகளுக்கு இடையே அளந்தேன். நூற்றுத் தொண்ணூறு மில்லிமீற்றர். வேறு பெட்டித் தோட்டாக்களோடு இன்னும் ஐந்து சுட்டார். நூற்று எழுபத்தாறு. மரத்தைப் பிடிக்கும் திருகாணிகளைப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தன. குழல் வாயில் ஒரு சன்னத்தின் நுனியை வைத்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். அந்த வயதுக்குத் தேய்மானம் கொஞ்சம்தான். குழலில் பிழை எதுவும் தெரியவில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் தடவையும் சுட்டார். அளவு இன்னும் கூடியது.

"வேறு யாராவது சுட்டுப் பார்க்கட்டும்" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து.

இவன் வாழ்நாளில் சுட்டதில்லை என்றார் நண்பர். அதுவும் நல்லதுதான் என்று அந்த அம்மா என்னை மேசையில் உட்கார்த்தினார். தோளில் எங்கே ஊன்ற வேண்டும், மூச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்று காட்டினார். விசையை இழுக்காதீர்கள், எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாத மாதிரி மெல்ல அழுத்துங்கள் என்றார். நான் அப்படியே செய்தேன். சத்தம் காதுமூடியைத் தாண்டி வந்தது. நெரிசலான பஸ்ஸில் யாரோ இடித்துவிட்டுப் போவது போலத் தோளில் ஒரு தள்ளு. இப்படி ஐந்து முறை.

எழுபத்து நான்கு மில்லிமீற்றர். ஐந்தில் மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டு தடவை அளந்துவிட்டு எண்ணை எழுதினேன்.

நண்பர் அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தார். அந்த அம்மா ரைபிளை வாங்கிக்கொண்டு, நாங்கள் பார்க்காமல் எதையோ போட்டு, திரும்ப அவரிடம் கொடுத்தார். அவர் குறிபார்த்து அழுத்தினார். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. உள்ளே இருந்தது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. வெடிக்காத அந்த வெடிக்காக அவருடைய உடம்பு முன்னரே திடுக்கிட்டு, குழல் ஒரு விரல் அகலம் கீழே குத்தியதை மூன்று பேரும் பார்த்தோம். பிழை இருந்தது அவரிடம்தான்.

பிறகு என் முறை. எனக்கும் 'டிக்' என்றது. குழல் அசையவில்லை.

"முன்பு எங்கேயாவது பழகியிருக்கிறீர்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லை."

"எல்லோருக்கும் உடம்பு திடுக்கிடும். வருடக்கணக்காகப் பழகித்தான் அதை நிறுத்துவார்கள்." பாராட்டுகிற குரல் இல்லை. என் முகத்தையும் கைகளையும் பார்த்தார். பிறகு, "இரவில் நித்திரை வருகிறதா?" என்று கேட்டார்.

வருகிறது என்றேன். சாப்பிடுகிறீர்களா என்றார். தந்தால் சாப்பிடுவேன் என்றேன். ஒருமுறை டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

திரும்பும் வழியில் நண்பர்தான் கார் ஓட்டினார். நல்ல துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்திருப்பேனே என்று ஒருமுறை தனக்குள் சிரித்தார். மனோர் பார்க்குக்குக் கிட்ட, சிக்னலில் நின்றபோது, அங்கே, போர் நடந்த இடத்தில், உனக்கு யார் இருக்கிறார் என்று கேட்டார். அண்ணை என்றேன். வயதென்ன என்றார். ஐம்பத்திரண்டு என்றேன்.

"என் வயது" என்றார். பச்சை விழுந்தது.

வீட்டில் மனைவி பள்ளிக்கூட உடுப்புகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். போன இடத்தைச் சொன்னேன்.

"துவக்காலை வெடி வைக்கவோ போனனீங்கள்?"

"அளக்கப் போனனான். பிறகு நானும் அஞ்சு வெடி வைச்சன்."

"என்ன மாதிரி இருந்தது?"

"ஒண்டும் இல்லை. ஒண்டுமே தெரியேல்லை."

கத்துவாள் என்று நினைத்தேன். எங்கள் சனம் இப்படிக் கிடக்கும்போது துவக்கைத் தொட எப்படி மனம் வந்தது என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அயர்னை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கும் உப்பிடித்தான்" என்றாள். "வெள்ளிக்கிழமை கோயிலிலை நிண்டனான். கும்பிட வரேல்லை. சும்மா நிண்டிட்டு வந்தனான். அந்த லிஸ்டுகளை வாசிக்கிறன் எண்டு பேர், என்ன வாசிச்சனான் எண்டு கேட்டால் சொல்ல ஏலாது. உங்களுக்கு மட்டும் எண்டு நினையாதேங்கோ."

கலியாணம் கட்டிப் பதினாறு வருடம். இந்த வீட்டில் இரண்டு பேர் இப்படி இருக்கிறோம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை அவளே டாக்டரிடம் இரண்டு பேருக்கும் நேரம் எடுத்தாள். டாக்டர் கேட்டார், எழுதினார், மாத்திரை தந்தார். நாங்கள் விழுங்கினோம். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆனால் அதன் பிறகு பட்டியல் வந்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம்.

நண்பர் ரைபிளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெற்றுத் தோட்டாக்களைக் கலந்து போட்டுப் பழகினார். இடையிடையே எண்களைக் கொண்டுவந்து காட்டுவார். இன்னொரு விருந்தினர் நாளுக்கும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

செப்டெம்பரில் அண்ணி தொலைபேசியில் அழைத்தாள். முகாமில் யாருடையதோ கைத்தொலைபேசி, பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இரண்டும் தன்னோடு இருக்குதுகள் என்று முதலில் சொன்னாள். பிறகு அண்ணையைப் பற்றிச் சொன்னாள். பதுங்கியிருந்த பங்கருக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். உடம்பை ஒரு துணியால் மூடிவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தாளாம்.



"தம்பி, கேக்கிறியளோ?"

"ஓம். கேக்கிறன்."

"பெடியனுக்கும் பெட்டைக்கும் செருப்பு இல்லை, தம்பி. கல்லிலை நடக்குதுகள். வவுனியாவிலை ஆரிட்டையும் குடுத்துவிட ஏலுமெண்டால் அனுப்புங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

மறுநாள் வேலைக்குப் போகாமல், மனைவியோடு அப்டன் பார்க்கில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். கால் அளவு என்ன என்று கடைக்காரர் கேட்டார். எங்களுக்குத் தெரியாது. பத்து வயது, ஏழு வயது என்றோம். மனைவி கையை விரித்து இவ்வளவு இருக்கும் என்று காட்டினாள். வளரும் பிள்ளைகள்தானே என்று ஒரு அளவு பெரிதாக எடுத்தோம். வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது, அண்ணையின் கால் என்ன அளவு என்று யோசித்துப் பார்த்தேன். அதுவும் எனக்குத் தெரியவில்லை.