மிசானுக்குத் தெரியாத வார்த்தை

வாரி நகரத்தில் மிசானை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை சேர்க்கிற ஸ்கிராபிள் ஆட்டத்துக்குத் தெருவுக்குத் தெரு கிளப் இருக்கிற ஊர் அது. அங்கே அப்படி ஒரு பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமா என்ன? ஏழு எழுத்தைக் கலைத்துப் போட்டால், நீங்கள் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் அதில் ஒளிந்திருக்கிற வார்த்தைகளையெல்லாம் பிடுங்கி எடுத்துவிடுவான்.

பெயின்ட் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் அவனுக்குப் பயிற்சி. மனைவி வெயின்மி வாழைக்காய் வறுத்துக்கொண்டே எழுத்துகளைச் சொல்வாள்.

"ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி."

"ரெட்டினாஸ், நாஸ்டியர், ரெட்சினா, ஸ்டெயரின். இன்னும் வேணுமா?"

"ஸ்டெயரின்னா என்ன?"

"ஏழு எழுத்து. மொத்தமா இறக்கினா ஐம்பது போனஸ்."

"நான் கேட்டது அர்த்தம், மகாராசா."

"அர்த்தத்துக்கு எவன் புள்ளி தர்றான்?"

அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு சிரிப்பாள். அவன் சொன்னதும் நியாயம்தான். அந்த ஊர் ஆட்டக்காரர்கள் எல்லோருமே எழுத்தைத்தான் மனப்பாடம் செய்வார்கள். அர்த்தம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது. ஆனால் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு அது தெரியாதே. அவர்கள் வந்து அர்த்தம் கேட்டால் மிசான் தெரிந்தவன் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து மழுப்பிவிடுவான். தெரியாது என்று மட்டும் வாயில் வராது. பாவி மனுஷனுக்கு அப்படி ஒரு வீம்பு.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து வெயின்மி உண்டானாள். எட்டாம் மாதம் காலிரண்டும் வீங்கிப் போக, கிளினிக்குக்குக் கூட்டிப்போனான்.

"இப்படியே பிரஷர் ஏறினா எக்லாம்ப்சியாவுல கொண்டுபோய் விட்டுடும்" என்றாள் நர்ஸ்.

மிசானின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் அட்டையில் எழுதுவதற்குள் அந்த வார்த்தையை எழுத்து எழுத்தாக ஒப்பித்தான். கிளப்பில் அதை வைத்து ஒருவனை மண்ணைக் கவ்வ வைத்தவன் அல்லவா.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு இதைப் பத்தித் தெரியுமா, ஐயா?"

"நல்லாவே தெரியும், சிஸ்டர்."

வெளியே வரிசை நீண்டு கிடந்தது. "அப்போ நான் விளக்க வேண்டியதில்ல. எப்போ தூக்கிட்டு ஓடிவரணும்னு உங்களுக்கே தெரியும்" என்று அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டாள்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கிற சனிக்கிழமை வந்தது. காலையில் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வெயின்மி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தலை பிளக்குது, மிசான். கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. அந்த நர்ஸ் சொன்னாங்களே, அதுவா இருக்குமா?"

எனக்குத் தெரியாது, வா, போய்க் கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். கிளினிக் ஒன்றும் கடல் தாண்டி இல்லை.

"அது கால் வீக்கத்தோட பேரு. தலைவலிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மாத்திரை போட்டுட்டுப் படு, நான் ஜெயிச்சுட்டு வர்றேன்."

அவள் நம்பினாள். புருஷன் பேச்சில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு போய்ப் படுத்தாள்.

அவன் ஜெயித்தான். அணியிலும் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆளில்லை. மத்தியானம் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டதாம். எக்லாம்ப்சியா என்றால் அந்த வலிப்புதான். அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வயிற்றைக் கீறிப் பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். வெயின்மி கண் திறக்கவே இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவளுடைய அக்கா அலேரோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நர்ஸைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். உனக்கு அந்த நோவைப் பத்தி நல்லாவே தெரியும்னு சொன்னியாமே. தெரிஞ்சுமா விட்டுட்டுப் போன?"

"தெரியாது, அக்கா."

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் தலை நிமிர்ந்தார்கள்.

"எழுத்து மட்டும்தான் தெரியும், அக்கா. அது என்ன நோவுன்னு தெரியாது. சத்தியமா தெரியாது."

"உனக்கா?" என்றாள் அலேரோ. "இங்க இருக்கிறவங்களையே கேளு. உனக்குத் தெரியாத வார்த்தை ஒண்ணு உண்டுன்னு ஒருத்தி சொல்லட்டும், நான் நம்புறேன்."

மிசான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோரும் அவனிடம் அர்த்தம் கேட்டு வந்தவர்கள்தான். அவன் சிரிப்பைப் பார்த்து, தெரிந்தவன் என்று நம்பிப் போனவர்கள்.

"பிள்ளையை ஒரு தடவை கொடுங்க, அக்கா."

அலேரோ கொடுக்கவில்லை. குழந்தையை முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தன் ஊருக்குப் போகப் படகுத்துறைக்கு நடந்தாள்.