இரட்டை டிஸ்க் போடும் அஜிகே

யாரும் பேசக் கூடாது என்று இடது கையை உயர்த்தியிருக்கிறாள் அஜிகே. வலது கையில் ஸ்க்ரூடிரைவர். அதன் முனை ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கின் மேல், பிடி அவள் காதில். கண்கள் மூடியிருக்கின்றன. "இருமுது. மூணு மாசம் தாங்கும். உள்ள இருக்கறதை எடுத்துக்கிட்டு அதுக்குள்ள ஓடிப்போங்க" என்கிறாள். மூன்று மாதம்கூடத் தாங்காமல் பாதியிலேயே போன டிஸ்குகளும் உண்டு. அவற்றையும் தன் வெற்றியில்தான் சேர்த்துக்கொள்வாள்.

இபாதான் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, அக்போவோவில், என் பைண்டிங் கடைக்கும் அவள் கம்ப்யூட்டர் கடைக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் தடுப்புதான். ஜெனரேட்டர் இருவருக்கும் ஒன்று. பத்தொன்பது வருடமாக நான் ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸுக்கு அட்டை போடுகிறேன். அந்த தீசிஸ் காணாமல் போகாமல் அவள் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. குரல் தெருமுனைவரை கேட்கும். மதியம் ஒரு மணிக்கு அமலா களி வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் துணைவேந்தரே வந்து நின்றாலும், "உக்காருங்க சார், டிஸ்க் ஓடிப்போகாது. களி ஆறிப்போகும்" என்பாள்.

கடைத்தெருவில் அவளுக்கு இயா இபேஜி என்று பெயர். இரட்டையரின் தாய் என்று அர்த்தம். அவளுக்கு இருப்பதோ ஒரே மகன். லாகோஸில் லாரி ஓட்டுகிறான். பெயர் வந்தது டிஸ்கால். யார் கம்ப்யூட்டர் செய்யக் கேட்டாலும் இரண்டு டிஸ்க் போட்டுத்தான் கொடுப்பாள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். தொழிலில் இதற்கு ரெய்டு என்று பெயர். ஒன்றின் மேல் டாய்வோ என்றும் மற்றதன் மேல் கெஹிண்டே என்றும் எழுதி ஒட்டுவாள்; எங்கள் ஊரில் எந்த இரட்டையருக்கும் அந்தப் பெயர்கள்தான். இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டில் காராமணி வேகவைத்துத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். அவளிடம் கம்ப்யூட்டர் வாங்குகிறவரும் கொடுத்தாக வேண்டும். "காராமணி போடாட்டி ரெண்டுல ஒண்ணு கோவிச்சுக்கும்" என்பாள். அவள் கம்ப்யூட்டரை நம்புகிறாளா, காராமணியை நம்புகிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரண்டு டிஸ்கிலும் எழுதும் வேலையைச் செய்யத் தனி கார்டும் கிடைக்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமே செய்வதும் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கார்டு வேண்டாம் என்பாள் அஜிகே. இதில் அவளோடு மோதியவர் கல்யாண வீடியோ எடுக்கும் ஒகுண்டிரான். தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர்.

ஒரு நாள் பச்சை நிறத்தில் ஒரு கார்டைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதை மாட்டிக் குடு, இயா இபேஜி. ஜெர்மனி சரக்கு. என் மச்சான் கொண்டாந்தான்."

"ஜெர்மனியில இதை ஏன் கழட்டிப் போட்டாங்கன்னு மச்சானைக் கேட்டீங்களா, ஓகா சார்?"

"உனக்குப் பொறாமை."

"இதுல பேட்டரி உப்பிக் கிடக்கு, பாருங்க. ஆபீஸ்ல நூறு பேர் ஒரே நேரத்துல வேலை பாக்கணும், மாத்துக் கார்டு ஒண்ணு அலமாரியில தயாரா இருக்குன்னா, கார்டு வைங்க, நானே மாட்டித் தர்றேன். உங்க வீட்ல நீங்க ஒருத்தர், உங்க பூனை ஒண்ணு. கார்டு தன் சொந்தக் கையெழுத்துல எழுதும். அது செத்தா, அதே வம்சத்துக் கார்டு வந்தாத்தான் படிக்கும். என் புரோகிராம் எழுதினா, டிஸ்கைக் கழட்டி அதே புரோகிராம் இருக்கற எந்தக் கம்ப்யூட்டர்ல வேணா மாட்டிப் படிக்கலாம்."

"அது சும்மா கிடைக்கற புரோகிராம்தானே? சும்மா கிடைக்கறதுக்கு என்ன மதிப்பு?"

"காத்தும் சும்மாதான் கிடைக்குது. ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்திப் பாருங்க."

ஒகுண்டிரான் கோபித்துக்கொண்டு வேறு கடையில் கார்டை மாட்டிக்கொண்டார். அவர் கிளம்பிப் போகும்போது அஜிகே பின்னாலிருந்து கத்தினாள்: "எதைப் போட்டாலும் மூணாவதா ஒரு காப்பி உங்க தங்கச்சி வீட்ல வைங்க! இரட்டைப் பிள்ளைங்க ஒரே வீட்லதான் தூங்குது, வீடு எரிஞ்சா ரெண்டும் போயிடும்!" அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். கூட ஓர் இளம்பெண், முனிரத். துக்கம் இருக்கும் வீட்டின் முகம். அவள் கல்யாணத்தை ஒகுண்டிரான்தான் எடுத்தார். புறப்படும் முன் உள்ளறையில் அப்பாவின் முன் மண்டியிட்டு ஆசி வாங்கினாள். அந்த அறையில் இருந்தது ஒகுண்டிரானின் கேமரா மட்டும். மனிதர் வழக்கம்போல வீடியோவைக் கொடுக்காமல் இழுத்தடித்தார். கல்யாணம் முடிந்த ஒரே வாரத்தில் அப்பா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள் துவா. அதற்குள் அந்த ஆசி வேண்டும் என்று கேட்டாள். கேமராவில் இருந்ததை அடுத்த சனிக்கிழமை விருந்துக்காக அழித்தாயிற்று. மிச்சம் ஒகுண்டிரான் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது மட்டும்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நடந்தது எங்கள் ஊரில் மட்டுமே நடக்கும். கரண்ட் திரும்பி வந்தால் தெருவே ஒன்றாகக் கூச்சலிடும். கூச்சல் கேட்டதும் கை தானாக எழுந்து, ஜெனரேட்டரிலிருந்து கரண்டுக்கு மாற்றும் கைப்பிடியைத் தள்ளிவிடும். கம்ப்யூட்டரை முதலில் அணைக்க வேண்டும் என்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது. ஒகுண்டிரானும் வேலை ஓடிக்கொண்டிருந்தபோதே தள்ளிவிட்டார். கார்டிலிருந்து கருகல் வாடை வந்தது.

அஜிகே இரண்டு டிஸ்கையும் கேட்டுப் பார்த்தாள். இரண்டும் நலம். வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும், இது காலி டிஸ்க், ஃபார்மட் செய்யவா என்று ஸ்கிரீன் கேட்டது.

"உங்க வீட்லயும் இதே கேள்வி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சரின்னு அழுத்தினீங்களா?"

"இல்ல."

"உங்க அம்மா மேல சத்தியமா?"

"அழுத்தப்போனேன். நீ திட்டுவியேன்னு பயந்து விட்டுட்டேன்."

"என் வாயால வாழ்க்கையில இந்த ஒரு நல்லதாவது நடந்துச்சு" என்றாள்.

அதே வம்சத்துக் கார்டைத் தேடி லாகோஸ்வரை போன் செய்தோம். கிடைக்கவில்லை. முனிரத் பெஞ்சில் உட்கார்ந்து, தலைத்துணியின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "முடியாதுன்னா சொல்லிடுங்கம்மா, நான் தாங்கிக்குவேன்" என்றாள். தாங்கிக்கொள்ளும் முகமாக எனக்குத் தெரியவில்லை.

"கார்டு செத்துச்சு. நான் சாகலை" என்றாள் அஜிகே. "வெள்ளிக்கிழமை வா மகளே."

அசலில் கை வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அதனால் முதலில் ஒரு டிஸ்கை அப்படியே புது டிஸ்குக்கு நகல் எடுத்தாள். புதன் பகல் அதிலேயே போயிற்று. செத்த கார்டு, டிஸ்கின் தொடக்கத்தில் தன் குறிப்புகளை எழுதிவிட்டு, வீடியோக்களைச் சற்றுத் தள்ளி ஆரம்பித்திருந்தது. எவ்வளவு தள்ளி என்பது யாருக்கும் தெரியாது. அந்த இடத்தைத் தேடி வரிசை வரிசையாக எண்களைப் பார்த்தாள். வியாழக்கிழமை அவள் அமலா மூடி திறக்கப்படாமலே ஆறியதை என் கண்ணால் பார்த்தேன். ஒகுண்டிரான் வாசலில் நின்று, "ஏதாவது கிடைச்சுதா?" என்று மணிக்கு நான்கு முறை கேட்டார். ஐந்தாவது முறை கேட்டபோது நானே அவரைக் காராமணி வாங்க அனுப்பிவைத்தேன்.

வெள்ளி காலை பதினொரு மணிக்குத் தடுப்பில் டொக் டொக் என்று தட்டினாள். "பைண்டர், இங்க வா." ஓடினேன். ஸ்கிரீனில் ஒகுண்டிரானின் வீடியோக்கள் பெயர் பெயராக வரிசையில் நின்றன. "எந்தக் கார்டும் இல்லாம! சும்மா கிடைக்கற புரோகிராமாலதான்! போய்த் தெருவுல சொல்லு!" என்றாள். சொன்னேன். தெரு முழுக்கச் சொன்னேன். இவள் என் பக்கத்துக் கடைக்காரி என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பட்டம் வாங்கியவர்களின் பெயரை எத்தனையோ அட்டையில் தங்க எழுத்தில் பதித்திருக்கிறேன். அன்றைக்குப் போல எனக்குப் பெருமையாக இருந்ததில்லை.

தொழுகை முடிந்து முனிரத் வந்தாள். பின்னால் ஒகுண்டிரான், இரண்டு புது டிஸ்கோடு. அஜிகே வீடியோவை ஓடவிட்டாள். நீல அக்பாடா அங்கியில் அப்பா உட்கார்ந்திருந்தார். "என் முனிரத், நீ போற வீட்ல தண்ணி மாதிரி இரு, உன்னை யாரும் வெறுக்கக் கூடாது" என்று அவர் குரல் எழுந்ததும், முனிரத் ஒயர்கள் கிடந்த தரையில் அப்படியே மண்டியிட்டுவிட்டாள். மேசை மட்டத்துக்குக் கீழே போய்விட்ட அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அஜிகே எழுந்தாள். ஸ்கிரீனை இரண்டு கையாலும் தூக்கித் தன் நாற்காலியில் உட்காரவைத்து, மகள் பக்கம் திருப்பினாள். ஒயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. பிளக் கழன்றுவிடாமல் அதைக் கையால் அழுத்திப் பிடித்து, அவர் ஆசி சொல்லி முடிக்கும்வரை குனிந்தபடியே நின்றாள்.