கிண்ணியாவுக்குப் போகாத லேத் மெசின்

போன செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டத்தில் ஒரேயொரு சொல் சொன்னேன். ‘ஓம்.’ அவ்வளவுதான். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

சிறுதொழில் செய்பவர்களுக்கு அரசாங்கம் மானியத்தில் இயந்திரம் கொடுக்கிறதல்லவா? அதற்கு ஆட்களைத் தெரிவு செய்யும் கூட்டம். இளைப்பாறியவர், அனுபவசாலி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே கதிரை, தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட்... அனுபவத்துக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

கிண்ணியாவிலிருந்து ஒரு பெண்ணின் விண்ணப்பம் வந்தது. பெயர் ஜெமீலா. மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினுக்குப் பித்தளையில் உதிரிப்பாகம் வார்க்கிறாராம். கடைந்தெடுக்க ஒரு லேத் மெசின் கேட்டிருந்தார். பொறுப்பான இளம் அதிகாரி பழைய பைல் ஒன்றைப் புரட்டினார்.

“இவவின்ர தகப்பனுக்கு முந்தியே ஒரு லேத் குடுத்திருக்கு. அதை வித்துத் திண்டிட்டு இப்ப மகளை அனுப்பியிருக்கிறார்!”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். “சேர், உங்கட காலத்துப் பைல்தானே?”

“ஓம்” என்றேன்.

விண்ணப்பத்தின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. நான் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தேன்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். நீங்களும் ரசித்திருக்கிறீர்கள். இந்த வாரம் என் முறை. அந்த லேத் ஜெமீலாவின் தகப்பனிடம் போகவே இல்லை. போகவிடாமல் செய்தவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம், இன்றைக்கு முப்பது வருசத்துக்கு முந்தி. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்தது. திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக் கரையில் எஞ்சின் பூட்டிய வள்ளங்கள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைத் துண்டு இல்லாமல் மணலில் கிடந்தன. கிண்ணியாவில் ஹனீபா நானா, அதாவது ஹனீபா அண்ணன், என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர், ஜெமீலாவின் தகப்பன், அந்தத் துண்டுகளைத் தானே வார்த்தார். வெள்ளைக்காரனின் கடற்படை டொக்கில் கப்பல் எஞ்சின் பூட்டும் பிற்றராக இருந்தவர். அவன் போனபோது வேலையும் போனது. வீட்டு வளவுக்குள் உலை வைத்து, உடைந்த குழாய், கழித்த கப்பல் சாமான் எல்லாம் உருக்கி, புரொப்பெல்லர்கூட வார்த்தார். ஆனால் வார்த்ததை அரத்தால் ராவி முடிக்க நாலு நாள். லேத் இருந்தால் அரை நாள்.

நான் அப்போது சிறுதொழில்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தன். இவரைப் போன்றவர்களுக்கென்றே ஒரு திட்டம் வந்தது. மானியத்தில் லேத், மாதாமாதம் பித்தளை வாங்க ஒரு பெர்மிட். ஒரே நிபந்தனை — விண்ணப்பத்தில் முதல் பெயர் படித்த இளையவர் ஒருவருடையதாக இருக்க வேண்டும். நானா நாலாம் வகுப்பு. வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது.

“எண்ட மூத்தவள் எஸ்.எஸ்.சி. பாஸ் ஐயா” என்றார். “இந்த அளவெல்லாம் அவள்தான் கீறித் தாற. அவட பேரப் போடுங்களன்.”

கதவுக்குப் பின்னால் சித்திரக் கொப்பியோடு ஜெமீலா நின்றாள். நான் சிரித்தேன்.

“பொம்பிளைப் பிள்ளையோ? லேத் மெசினுக்கோ? கொழும்பில சிரிப்பாங்கள் நானா.”

பெண் கூடாதென்று விதியில் ஒரு வரியும் இல்லை. கொழும்பில் ஒருவரும் சிரிக்கவுமில்லை. சிரித்தது நான். ஏன்? என் வீட்டில் ஒரு ‘படித்த இளைஞர்’ காலை பத்து மணிக்கு எழும்பிக்கொண்டிருந்தார் — மனைவியின் தம்பி ரவி. அவனுக்கொரு வழி பண்ணுங்கோ, பண்ணுங்கோ என்று தினமும் வீட்டில் கதை. முதல் பெயர் ரவி, இரண்டாவது பெயர் ஹனீபா நானா என்று எழுதினேன்.

“பேருக்குத்தான் நானா. மெசின் உங்கட வளவிலதான் நிக்கும்.”

“நீங்க சொன்னாச் சரி ஐயா.” கையெழுத்து வைத்தார்.

கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்தார். நானாவின் வளவில்தான் பரிசோதனை. அச்சிலிருந்து புதிதாக எடுத்த புரொப்பெல்லர் வாங்குப் பலகையில் இருந்தது. பரிசோதகர் குனிந்து பார்த்து அசந்துபோனார். “இதை யார் செய்தது?”

எனக்கு யோசிக்க ஒரு கணம் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். இருந்தது. ரவியைக் காட்டினேன்.

ரவி பெருமையாக அதைத் தூக்கக் கையை நீட்டினான். அப்போது நானா என்னைப் பார்க்காமலே சொன்னார்: “தம்பி, தொடாதீங்க. செஞ்சவருக்குத் தெரியும்தானே, அது இன்னும் சுடும்.”

பரிசோதகருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

லேத் வந்தது. கிண்ணியாவுக்கல்ல, திருகோணமலை நகரில் என் வீட்டு வளவுக்கு. மெசின் பாரம், பாதைப் படகில் ஏற்றிக் குடாவைக் கடக்க ஏலாது என்று நானாவிடம் சொன்னேன்.

“நெல்லு லொறி வருது, எருமை மாடு வருது. இது மட்டும் வராதோ ஐயா?”

“கொஞ்சம் பொறுங்கோ.”

பொறுத்தார். மூன்று முறை அலுவலகத்துக்கு வந்தார். மூன்று முறையும், ஐயா வெளியே போய்விட்டார் என்று பியோனிடம் சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் பியோனிடம் சொன்னாராம்: “அப்ப, தான் இல்லையெண்டு ஐயாவே வந்து சொல்லட்டும்.” பியோன் சிரித்துச் சிரித்து அதை என்னிடம் சொன்னான். நானும் சிரித்தேன்.

ரவி மாதாமாதம் பித்தளைப் பெர்மிட்டைக் கொழும்பு வியாபாரி ஒருவருக்குக் கைமாற்றினான். பித்தளையை அவன் கண்ணாலும் காணவில்லை. பிறகு லேத்தையும் விற்றான். பிறகு வளைகுடாவுக்குப் போனான். போகுமுன் எங்கள் குசினிக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கித் தந்தான். நான் ஒருநாளும் லஞ்சம் வாங்காதவன் — பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன் — ஐஸ் தண்ணீர் குடித்தேன். அரசாங்க உதவியைத் திருடக் கள்ளன் வரவேண்டியதில்லை. சொந்தக்காரனுக்கு உதவும் நல்ல மனிதன் ஒருவன் போதும்.

கூட்டத்துக்கு மறுநாள் கிண்ணியாவுக்குப் போனேன். கதவைத் திறந்த ஜெமீலா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வாப்பா, லேத் மெசின்காரர் வந்திருக்கார்.”

ஹனீபா நானாவுக்கு இப்போது பார்வை மங்கல். குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். “வாங்க ஐயா. எப்படி வந்தீங்க? பாதைப் படகிலயோ?”

“ஓம்.”

“உங்களையும் பாரம் எண்டு சொல்லலையா?”

ஜெமீலா சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

“நான் எப்பவோ மன்னிச்சிட்டன். கோபத்த வெச்சிக்கிட்டுப் பித்தளை ராவ ஏலுமா?” என்றார் நானா. “ஆனா இப்ப உலை என்னுடையது இல்ல. அவளுடையது. அவளிட்டக் கேளுங்க.”

ஜெமீலா ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“மன்னிப்பு வாப்பாட விசயம் சேர். எனக்குக் கடிதம் வேணும். அந்த மெசின் எங்கட வளவுக்கு வரேல்ல எண்டு எழுதுங்க. யார் எடுத்தது எண்டும் எழுதுங்க.”

எழுதினேன். என் பெயர், அன்றைய பதவி, ரவியின் பெயர் — எல்லாம். வியாழக்கிழமை இளம் அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்துவிட்டு எழும்பிக் கதவைச் சாத்தினார்.

“சேர், என்ன வேலை இது? இதைப் பைலில போட்டா உங்கட பென்சனுக்கே கேள்வி வரும். பேர் கெட்டுப்போகும்.”

“அந்தப் பிள்ளைக்கு?”

“வாற முறை பாப்பம் சேர். இது என்னட்டயே இருக்கட்டும்.” கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். என் மேலுள்ள மரியாதையால்தான் செய்தார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெட்கம் என்னவென்றால்... படியிறங்கும்போது மனம் இலேசாக இருந்தது. இத்தனை வயதிலும்!

வீட்டுக்கு வந்து, அதே கடிதத்தை விரிவாக எழுதினேன். நீங்கள் இவ்வளவு நேரம் வாசித்தது அதைத்தான். நிராகரித்ததை எதிர்த்து முறையிட ஜெமீலாவுக்கு வரும் வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. இந்தப் பக்கத்தை வெட்டி முறையீட்டோடு இணைக்கும்படி சொல்லியனுப்பியிருக்கிறேன்.

அதிகாரித் தம்பி, ஊர் முழுக்க வாசித்த கடிதத்தை எந்த லாச்சியில் பூட்டப் போகிறீர்கள்?