உட்கரு விட்டுப்போகும் குப்பை

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் லென்ஸ் அக்கா. ஈஸ்டை நுண்ணோக்கியில் படம் பிடிப்பதுதான் அவள் வேலை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். முதலில் அதைப் பட்டினி போட வேண்டும். சாப்பாடு இருக்கும்வரை அது உடம்பிலிருந்தே மொட்டு விட்டுப் பெருகிக்கொண்டு சொகுசாகக் காலம் தள்ளும். வயிறு காய்ந்தால்தான் பிள்ளைகுட்டி ஞாபகம் வரும். அப்போது அதன் உட்கரு நீண்டு, நெளிந்து, நாலு மடலாகப் பிதுங்கி, நாலு வித்துகளுக்குள் போய்ச் சேரும். ஒவ்வொன்றுக்கும் மரபில் பாதிப் பங்கு.

நடுவில் ஐந்தாவதாக ஒரு துண்டு மிஞ்சும். தாய்க்கு வயதாகிச் சேர்ந்த பழுதையெல்லாம் உட்கரு அதில் ஒதுக்கிவிடும். பிறகு அந்தத் துண்டு கரைந்துபோகும், வித்துகள் புத்தம்புதுசாக நிற்கும். நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும் அந்தக் குப்பை அணைவதைப் பார்க்க அவளுக்குச் சலித்ததே இல்லை. அதற்குக் காரணம் அவள் அப்பா.

ஐம்பது வயதில் அப்பாவின் கை தானாக ஆட ஆரம்பித்தது. அப்புறம் கால் போனது, பேச்சு போனது, கடைசியில் பெற்ற மகளையே தெரியவில்லை. பரம்பரை வியாதி, பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். அவள் கொடுக்கவில்லை. இருக்கிறது என்று வந்துவிட்டால் ஒரே மகள் இடிந்துபோவாளே என்று பேசாமல் இருந்துவிட்டாள். எப்போதாவது டம்ளர் கை நழுவினால் மட்டும் அன்றைக்கு முழுக்கத் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலை, கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் போன் செய்தாள். "நாங்க குழந்தை வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்மா. ஏன்னு கேக்காத."

அவள் கேட்கவில்லை. வேலைக்குப் போய், பட்டினித் திரவம் ஊற்ற வேண்டிய தட்டில் சாப்பாட்டுத் திரவத்தை ஊற்றினாள். நாலு வித்தாகப் பிரியத் தயாராகிக்கொண்டிருந்த ஈஸ்ட் எல்லாம் மனசு மாறி, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி மொட்டு விட்டன. சோதனை மொத்தமும் பாழ்.

பேராசிரியர் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "பட்டினி போடச் சொன்னா விருந்து வெச்சிருக்கீங்களே அக்கா! உங்களுக்கு என்ன ஆச்சு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்கறையாகக் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சார், அந்த அஞ்சாவது துண்டு மனுஷங்களுக்கும் உண்டா? பரம்பரை வியாதி அதோட போயிடுமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மனுஷங்க விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா ஈஸ்ட் ஒதுக்குறது வயசான குப்பையைத்தான். மரபணுல இருக்கற பிழை வித்துக்குள்ளயே போயிடும். ரெண்டுல இருக்கும், ரெண்டுல இருக்காது."

"இல்லாம இருக்கவும் வாய்ப்பு இருக்குல்ல சார்?"

"இருக்கு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் மகள் வீட்டுக்கு ஓடினாள். மகள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே நான் ரத்தம் குடுத்துடறேன்டி. எனக்கு இல்லன்னா உனக்கும் இல்ல. அப்புறம் நிம்மதியா பெத்துக்கோ, நான் வளத்துத் தரேன்."

மகளின் கை நின்றது. "வேணாம்மா. நீ குடுக்காத."

"ஏன்டி?"

"நான் குடுத்துட்டேன். எனக்கு இருக்கு."

மற்றதெல்லாம் மறந்துபோய், மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "எத்தனை நாளா இதைத் தனியா சுமக்கற? பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கண்ணு?"

மகள் அம்மாவின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்கிட்ட எப்படிம்மா சொல்லுவேன்?"

அப்போதுதான் லென்ஸ் அக்காவுக்கு உறைத்தது. தாத்தாவிடமிருந்து பேத்திக்கு அந்த வியாதி தாண்டிக் குதித்து வந்துவிட முடியாது. அவள் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.