கரடி புகுந்த மாதத்தின் கணக்கு

மாதக் கடைசி என்றாலே எனக்குப் பயம். கணக்கு எழுத வந்து எத்தனையோ வருடமாகியும் அந்தப் பயம் போகவில்லை. மாதம் முழுக்க வந்த பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, வாங்கியதைக் கொள்முதல் ஏட்டிலும் விற்றதை விற்பனை ஏட்டிலும் எழுதி, கையில் வந்துபோன காசை ரொக்க ஏட்டில் ஏற்ற வேண்டும். இவை எதிலும் அடங்காததைக் குறிப்பேட்டில் பற்று, வரவு என்று பிரித்து எழுதி, கீழே எதற்காக அந்தப் பதிவு என்று ஒரு வரி விளக்கமும் போட வேண்டும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்காத மாதங்களில் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் முதலாளி திருப்பூர்ப் பக்கத்துக்காரர். சிறிய வியாபாரம்தான். தொழிற்சாலைகளில் தேயிலைத் தூள் வாங்கிப் பாக்கெட் போட்டுக் கீழே சமவெளிக் கடைகளுக்கு அனுப்புவார். எஸ்டேட் கடைகளுக்குத் தேங்காய் எண்ணெய், வெல்லம், பருப்பு மொத்தமாகக் கொடுப்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. "மொதல்ல நோட்டுல எழுதிப் போடு அம்மிணி, கரண்ட் வந்ததும் அதுல ஏத்திக்கலாம்" என்பார். அதனால் எனக்கு எல்லாம் இரட்டை வேலை.

கீழ் கோத்தகிரி போகிற சாலையில், வளைவு ஒன்றுக்குக் கீழே எங்கள் கிடங்கு இருக்கிறது. சாலையிலிருந்து படி இறங்கி வர வேண்டும். முன்னால் நீளமான அறை, அங்கேதான் சரக்கு. அதன் கோடியில் ஒரு மூலையை பிளைவுட் பலகையால் தடுத்து எனக்கு அறை கொடுத்திருந்தார்கள். பலகை ஆள் உயரத்துக்குத்தான் இருக்கும், மேலே திறப்பு. ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சரிந்து இறங்கும் தேயிலைத் தோட்டம். வெளியே போக இருந்தது கிடங்கின் முன்வாசல் ஒன்றுதான்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாளிலிருந்தே பயந்துகொண்டுதான் இருக்கிறேன். மலை ஏறிய முதல் மாதமே பஸ் நிறுத்தத்தில் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் திரும்பி வீட்டுக்கு ஓடிவிட்டேன். கிடங்கில் என்னோடு வேலை செய்த அக்காவிடம் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அவர் குழந்தையாக இருந்தபோது சிலோன் எஸ்டேட் ஒன்றிலிருந்து அவருடைய குடும்பம் இங்கே வந்தது. வளர்ந்து இங்கும் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தார். முட்டி வலி வந்த பிறகு எங்களிடம் பாக்கெட் போட வந்தார். "அது பாட்டுக்குப் போவும் தங்கச்சி. நம்ம பாட்டுக்கு நாம போவணும்" என்றார். அவருக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

அது மழைக்காலத்து மாதக் கடைசி. முதலாளி குன்னூர் தேயிலை ஏலத்துக்குப் போயிருந்தார். கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் ஏடுகளை விரித்து உட்கார்ந்தேன். வெளியே மஞ்சு என்று இங்கே சொல்கிற மூடுபனி இறங்கி ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விற்பனை ஏட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, மேல கடைக்குப் போய்த் தேத்தண்ணி வாங்கிட்டு வாரேன். ஒனக்குச் சீனி கொறைச்சுத்தானே?"

"ஆமாங்க்கா" என்றேன். தலையைத் தூக்கவில்லை, தூக்கினால் கூட்டல் விட்டுப்போகும்.

கொஞ்ச நேரத்தில் எண்ணெய் டின் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. அக்கா அதற்குள் திரும்பிவிட்டாரா என்று நினைத்து, "என்னக்கா, பாத்துங்க" என்றேன். பதில் வரவில்லை. தகரம் நசுங்குகிற சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். யாரோ பெரிய உறிஞ்சுகுழல் போட்டு உறிஞ்சுவதுபோல, இடையிடையே ஊதுவதுபோல. பிறகுதான் வாடை வந்தது. நனைந்த நாயின் வாடையும் கெட்டுப்போன எண்ணெய் வாடையும் கலந்த மாதிரி.

நான் எழுந்து, அறைக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

கரடி. முதுகு என் பக்கமாக இருந்தது. நசுங்கிய டின்னை முன்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கறுப்பு மயிரெல்லாம் எண்ணெய் வழிந்து மினுங்கியது. வாசல் அதற்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

கதவுக்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. அதைச் சத்தமில்லாமல் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது துளைக்குள் போகவே மாட்டேன் என்றது. போட்ட பிறகு மேசைக்குக் கீழே உட்கார்ந்து முதலாளிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. என் கணவரை அழைத்தேன். அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் இருக்கிறார்.

"கெடங்குக்குள்ள கரடிங்க."

"என்ன? சத்தமாப் பேசு."

"முடியாதுங்க. கரடி. உள்ள இருக்குது."

"அசையாத. அப்படியே இரு. நான் பாரஸ்டுக்குச் சொல்லிட்டு வர்றேன்" என்றார். அவருடைய குரலும் உடைந்திருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு இருந்த தைரியமும் போயிற்று.

அப்போதுதான் அக்கா நினைவுக்கு வந்தார். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவர் மஞ்சுக்குள் படியிறங்கி நேராகக் கிடங்குக்குள்தான் வருவார். வாசலில் கால் வைக்கிறவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. உடனே அவருடைய நம்பரை அழுத்தினேன்.

போன் அடித்தது. என் காதிலும் அடித்தது, கிடங்குக்குள்ளும் அடித்தது.

வெல்ல மூட்டைகளுக்கு மேலே இருந்த பிளக்கில் போனைச் சார்ஜ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்கா ரிங்டோனாக வைத்திருந்தது ஒரு சாமி பாட்டு. முழுச் சத்தத்தில், தவிலும் நாதஸ்வரமுமாக அது கிடங்கெல்லாம் எதிரொலித்தது. கரடி உறுமிய உறுமலில் பலகை அதிர்ந்தது. மூட்டை சரிந்தது, ஏதோ உடைந்தது, பாட்டு தரையில் கிடந்து பாடிக்கொண்டே இருந்தது. என் போனை நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் விரல் அந்தச் சிவப்புப் பொத்தானில் படவில்லை. எங்கெங்கோ படுகிறது. எப்படியோ நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் படியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. எப்போதும் வழியிலேயே பேசிக்கொண்டு வருவது அவர் வழக்கம்.

"சூடா இருக்கு தங்கச்சி, குடிச்சிட்டு எழுது!"

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மேசையில் காகிதத்துக்குத் துளை போடுகிற இரும்புப் பஞ்சிங் மெஷின் இருந்தது. அதை எடுத்து பீரோவில் ஓங்கி அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். அது கோயில் மணிபோல அதிர்ந்தது.

கரடி என் பக்கம் வந்தது.

பலகை ஒரு பக்கமாக வளைந்து உள்ளே வந்ததைப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் பிளைவுட் கிழிந்து நகங்கள் தெரிந்தன. அழுக்கு மஞ்சளாக, ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு இருந்தன. அப்போதுதான் குரல் வந்தது. "அக்கா! கரடி! ஓடுங்க!" வெளியே பிளாஸ்க் விழுந்து உருண்டது. நான் மேசை மேல் ஏறி, மேசையிலிருந்து பீரோ மேல் ஏறி, கூரைத் தகரத்தில் தலை இடிக்க முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏடுகள் எல்லாம் கீழே விழுந்தன. என் சுடிதார் நனைந்திருந்தது. நனைந்தது எப்போது என்று தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் பலகைக்கு மேலாக அதன் தலை தெரிந்தது. நீண்ட வெளிறிய மூக்கைத் தூக்கி என் பக்கமாக மோந்து பார்த்தது. அதன் மூச்சு என் காலில் பட்டதாக நான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அவ்வளவு தூரத்தில் பட்டிருக்க முடியாது. ஆனால் பட்டது.

சாலையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தகரத்தைத் தட்டுகிற சத்தம், கூச்சல், பிறகு பட்டாசு. கரடி பலகையை விட்டது. உடனே ஓடவில்லை, திரும்பிப் போய்ச் சரிந்த மூட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் வெல்லத்தைத் தின்றுவிட்டு, வாசல் வழியாக இறங்கித் தேயிலைக்குள் போயிற்று. அதை நான் பிறகு மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வந்து கதவைத் தட்டியும் என்னால் இறங்கித் தாழ்ப்பாளை எடுக்க முடியவில்லை. கிழிந்த இடத்தில் கையை விட்டு அவரே திறந்தார். சேதி கேட்டுக் குன்னூரிலிருந்து திரும்பிய முதலாளி பின்னால் ஓடி வந்தார். கிடங்கெல்லாம் எண்ணெய், அதில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சரக்கைப் பார்க்கவில்லை. "அம்மிணி, ஒனக்கு ஒண்ணும் ஆகலியே? நெசமாலும் ஆகலியே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காதான் படியில் ஓடும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நான் இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன் தங்கச்சி."

"நீங்களே இப்படிச் சொன்னா நான் என்னக்கா செய்யறது? ஒங்களுக்குத்தான் பயமே இல்லையே."

"யாரு சொன்னா? எஸ்டேட்டுல பொறந்தா பயம் இருக்காதா? எனக்கும் உசுரு ஒண்ணுதானே." சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

ஆனாலும் மாதக் கணக்கு முடிந்தாக வேண்டும். ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஏடுகளை வீட்டுக்கு எடுத்து வந்து எழுதலாம் என்றால், மிச்சமிருந்த சரக்கை நேரில் பார்த்துத்தான் இழப்பை எழுத முடியும். முதலாளி என் கூடவே வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வனத்துறைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். "கரடிக்குக் காது அவ்வளவாக் கேக்காதுங்க. ஆளு இருக்கறது தெரியாம நெருங்கிட்டாத்தான் மேல பாயும். சத்தம் குடுத்துட்டே இருங்க" என்று சொல்லிப் போனார்.

கிழிந்த பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். பக்கங்களின் ஓரங்களெல்லாம் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல ஆகியிருந்தன. எதைத் தொட்டாலும் அந்த வாடை. சரக்கு இழப்புக் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு. அது கல்லூரியில் படித்ததுதான். தீ, வெள்ளம், திருட்டு எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவேதான். விளக்க வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தச் சொல்லை எழுதினால் அது மறுபடி உள்ளே வந்துவிடும்போல ஒரு பயம். "விலங்கினால்" என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, "கரடி புகுந்து சேதமான எண்ணெய், வெல்லம்" என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். அந்த ஒரு வரி மட்டும் கோணல் மாணலாக நிற்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஆடிட்டர் கூப்பிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார். "ஏனுங்க, என்னங்க இது, கணக்குலயே கரடி உடறீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இருங்க. நெசமாலுமா?" என்றார். "நெசந்தானுங்க" என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, சேதமான சரக்குக்காக முன்பு கழித்துக்கொண்ட வரியில் எதைத் திருப்பிக் கட்ட வேண்டும், எந்தெந்தப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். கடைசியில், "அவசரமில்லைங்க, பொறுமையாப் பண்ணுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதேயில்லை.

முதலாளி எண்ணெயையும் வெல்லத்தையும் கடைவீதியில் ஒரு அறைக்கு மாற்றிவிட்டார். கிடங்கில் இப்போது தேயிலை மட்டும்தான். வாசலுக்கு இரும்புக் கிரில் போட்டிருக்கிறார்கள். என் அறைக்குச் செங்கல் சுவர் வைத்தார்கள். கை சரியானதும் அக்கா திரும்பி வந்தார். வேறு வேலை கிடைக்கவில்லை என்று முதலாளியிடம் சொன்னார். என்னிடம், "நீ ஒத்தையா ஒக்காந்திருக்கேன்னு நெனச்சா தூக்கம் வரல" என்றார்.

பயம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். போகவில்லை. சாலையில் ஒரு தகரம் உருண்டால் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிடுகிறோம். மஞ்சு இறங்கிய நாளில் அக்கா கிரிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். மாதக் கடைசியில் பாக்கெட் போடும் தராசை என் அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். நான் ஒவ்வொரு பதிவையும் வாய்விட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். "கொள்முதல் கணக்கு, பற்று. தொழிற்சாலைக் கணக்கு, வரவு. தேயிலைத் தூள் கடனுக்கு வாங்கியது." அக்கா பாக்கெட்டுகளின் வாயை ஒட்டிக்கொண்டே, கதை கேட்கிறவர்போல ஒவ்வொரு வரிக்கும் "ம்" சொல்கிறார். எங்காவது நான் நிறுத்திவிட்டால் உடனே, "ஏன் தங்கச்சி நிறுத்திட்ட? படி, படி" என்கிறார்.