மகாலட்சுமி அக்கா காட்டாத நோட்டு

மகாலட்சுமி அக்கா யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்காமல் உள்ளே நுழைய மாட்டார். சில சமயம் குனிந்து ஒன்றைப் புரட்டியும் பார்ப்பார். செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று என் அம்மா கத்துவார். "சண்டையெல்லாம் வராது சித்தி. உனக்கு இடது இடுப்புதானே வலிக்குது? செருப்பு சொல்லுது பாரு," என்பார் அக்கா. அம்மாவின் இடது செருப்பு குதிகாலில் தேய்ந்து ஓட்டையாகியிருக்கும். நான் ஆறாவது படிக்கும்போது, அவர் லீவில் ஊருக்கு வந்திருந்த சமயம் கவனித்த பழக்கம் இது. நான் பி.ஏ. முடித்த பிறகும் மாறவில்லை.

சிங்கவரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர் வீடு. எங்களைப் போலவே நிலமில்லாத குடும்பம். பதினெட்டு வயதில் புதுச்சேரியில் ஒரு கடற்கரை விடுதிக்குத் துண்டு மடிக்கும் வேலைக்குப் போனார். அங்கே மசாஜ் செய்யும் பெண்களைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கினார். நீளமாகத் தடவி, பிசைந்து, தட்டி, உடம்பு முழுவதையும் தளரவிடுவது ஸ்வீடிஷ் மசாஜ். வலிக்குக் காரணமான தசையைத் தேடிப்பிடித்து அதில் வேலை செய்வது ரெமீடியல். அக்காவுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். "அங்க வர்றவங்க நல்லா தூங்கறதுக்கு வராங்க. நாத்து நட்டு, மல்லாட்டை புடுங்கி முதுகு போன நம்மூரு பொம்பளைங்களுக்கு யாரு இருக்கா?" என்பார்.

பதினேழு வருடம் கழித்து அதற்காகவே திரும்பி வந்தார். செஞ்சி கடைத்தெருவில் மாடியில் ஓர் அறை எடுத்தார். வாடகைக்கு விட்டவர் சாமுண்டீஸ்வரி அம்மாள். கீழே அவர்களுடைய மல்லாட்டை மண்டி, நிலக்கடலைக் கொள்முதல். அங்கேதான் என் அம்மா பருப்பு பொறுக்குகிறார்.

வருகிறவர்களுக்கு அக்கா முதலில் ஒரு தாளைக் கொடுப்பார். அதில் முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு மனித உருவங்கள். வலிக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட வேண்டும். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேள்விகள். கீழே கையெழுத்து. கேள்விகளைத் தமிழில் எழுதித் தந்தது நான். 'இதில் உள்ள எதுவும் வெளியே சொல்லப்படாது' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்ததும் நான்தான். தாள்களைக் கோத்து நோட்டாக வைத்திருந்தார்.

கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்த ஒரு பெண்ணை அவர் தொடவே இல்லை. ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். சாமுண்டீஸ்வரி அம்மாளின் மூன்று வருடத் தலைவலி கழுத்துத் தசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார். நான்கு வாரத்தில் அது பாதியாகக் குறைந்தது. கடைக்காரர் வீட்டுப் பெண்கள் மதியத்தில் பின்படி ஏறி வந்தார்கள். வீட்டு ஆண்களுக்குத் தெரியாது. என் அம்மாவிடம் அக்கா காசே வாங்கவில்லை.

பெயர்ப்பலகை வேண்டும் என்று அடம்பிடித்தது நான். "வலி பாக்குற அக்கான்னு சொன்னா வந்துடறாங்க, அது எதுக்குடி?" என்றார். பட்டம் வாங்கிய புதிது எனக்கு. 'ரெமீடியல் மற்றும் ஸ்வீடிஷ் மசாஜ் தெரபி, பெண்களுக்கு மட்டும்' என்று அச்சடித்து மாட்டினேன். கடைத்தெரு ஆண்கள் அதில் 'மசாஜ்' என்ற ஒரு சொல்லை மட்டும்தான் படித்தார்கள். "இன்னாம்மா, எங்களுக்கெல்லாம் முதுகு இல்லியா?" என்று படிக்கட்டடியில் நின்று சிரித்தார்கள்.

சாமுண்டீஸ்வரி அம்மாளின் கணவர் கந்தசாமி, "நீ மேல போனியா?" என்று மண்டியில் எல்லோர் எதிரிலும் கேட்டாராம். இல்லை என்றாராம் அந்த அம்மாள். அந்த 'இல்லை'யை நம்பவைக்க வேண்டியிருந்தது. அந்த வாரமே பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு போனது. மாடியில் ஒழுக்கக்கேடான தொழில் நடக்கிறது, மூட வேண்டும்.

விசாரித்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். "உங்ககிட்ட வைத்தியம் பாத்துக்கிட்டவங்க நாலு பேர் வந்து எழுதிக் குடுத்தா போதும்மா. மனுவை முடிச்சிடறேன்." நகல் ஒன்றையும் கொடுத்தார்.

அறைக்கு வந்து நகலையும் நோட்டையும் அருகருகே வைத்தோம். மனுவில் பதினோரு கையெழுத்து. அதில் ஆறு பேர் நோட்டிலும் இருந்தார்கள். முதல் கையெழுத்து சாமுண்டீஸ்வரி அம்மாளுடையது.

"நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுக்கா. அப்பறம் யாரு வாயைத் தொறக்கறாங்கன்னு பாக்கலாம்."

"வெளிய சொல்ல மாட்டேன்னுதானே கையெழுத்து வாங்கனேன்?"

"அவுங்க உன்னை இன்னா எழுதியிருக்காங்க, படிச்சியா?"

"படிச்சேன். காட்டுனா அந்தம்மா வீட்ல அடி வாங்கும்டி."

நான் விடவில்லை. பேசிக்கொண்டே மனுவின் கடைசிப் பெயருக்கு வந்தேன். மங்கை. 'ங்' மேல் புள்ளிக்குப் பதிலாக ஒரு பெரிய வட்டம். ரேஷன் கடையில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்ட என் அம்மாவுக்கு, நான் எட்டாவது படிக்கும்போது கற்றுக்கொடுத்த கையெழுத்து.

பேச்சை நிறுத்திவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை மூடினார். அவர் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் அம்மாவைக் கேட்டேன். "மொதலாளியம்மா பேப்பரை நீட்னாங்க, போட்டுட்டேன். நாளைக்கு நான் மண்டிக்குப் போவணுமா வாணாமா? உன் காலேஜ் பீசு எங்கேர்ந்து வந்துச்சி?"

"அக்கா உன்கிட்ட காசுகூட வாங்கலியேம்மா."

"தெரியும். சும்மா கெட."

எழுதித் தரச் சொல்லி அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டார். தையல்காரி சுமலதா, "கண்டிப்பா வரேன்கா" என்றார். வரவில்லை. தொண்டூரிலிருந்து கூலி வேலைக்கு வரும் காத்தாயி மட்டும் வந்து கைநாட்டு வைத்தார். ஒருவர் நாலு பேர் ஆக மாட்டார். எனக்கு வைத்தியம் நடக்கவில்லை, அதனால் நான் எழுத முடியாது என்று சொல்லிக்கொண்டேன். அதுதான் காரணமா என்று இன்றும் எனக்கே தெரியவில்லை. அன்று நோட்டைப் பற்றி நான் வாயடைத்துப்போனது அக்காவின் வாக்குக்காகவா, அம்மாவின் பெயருக்காகவா என்பதும் தெரியவில்லை.

மாதக் கடைசியில் அக்கா அறையைக் காலி செய்தார். மசாஜ் மேசையைப் பெட்டிபோல மடித்து, பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. நோட்டையும் கூடவே எடுத்துப் போனார். போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

அடுத்த புதன்கிழமை பூட்டிய கதவின் முன் காத்தாயி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தோள் இறுகிப்போய் ஒரு வருடமாகிறது.

"ஆறு தபா வந்தா நானே கொண்டை போட்டுக்கலாம்னு சொல்லிச்சி பாப்பா. நாலுதான் ஆச்சி. மீதி ரெண்டு எப்பவாம்?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் வலது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் போகவில்லை. அந்த இரண்டு தடவையும் இன்னும் பாக்கி.